வீடு வாங்கும் முன் கீழ்வீட்டுக் கதவையும் தட்டுங்கள்

மறுவிற்பனை வீடு பார்க்கப் போகும் குடும்பத்தில் இளையருக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான்: கைப்பேசியில் படம் எடுப்பது. வரவேற்பறை, சன்னல் காட்சி, எம்ஆர்டி நிலையத்துக்குப் போகும் நடைபாதை எல்லாம் படமாகிவிடும். குளியலறையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். பெற்றோரின் மசேநிதிச் சேமிப்பில் பெரும்பகுதியை விழுங்கப்போகும் முடிவுக்கு அது போதாது.

வீவக வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். குளியலறை ஓடுகளுக்கு அடியில் சிமெண்டுப் பூச்சு இருக்கிறது. அதற்கும் கீழே நீர் புகாமல் தடுக்கும் ஒரு படலம், பிறகு கான்கிரீட் தளம். அந்தத் தளத்தின் அடிப்பக்கம்தான் கீழ்வீட்டுக் குளியலறையின் கூரை. நாம் குளித்த தண்ணீரை வெளியேற்றும் குழாய்கூட பல புளோக்குகளில் அந்தக் கூரையை ஒட்டித்தான் ஓடுகிறது. ஆக, பார்க்கப் போன வீட்டின் குளியலறைக் கூரையில் கறை இருந்தால், அது மேல்வீட்டுத் தரையின் கதை. நாம் வாங்கப்போகும் தரையின் கதையை அறிய ஒரு மாடி கீழே இறங்க வேண்டும்.

என் பெற்றோர் பார்த்த வீடு ஒன்று எட்டாவது மாடியில் இருந்தது. குளியலறையில் பளபளக்கும் புது ஓடுகள். பாட்டியின் புளோக் பக்கத்திலேயே இருந்ததால் அம்மாவுக்கு வீடு மிகவும் பிடித்துவிட்டது. திரும்பும் வழியில் ஏழாவது மாடியில் இறங்கிக் கதவைத் தட்டினோம். திறந்த மலாய் மூதாட்டியிடம் அப்பா மலாயிலேயே விஷயத்தைச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே எங்களை உள்ளே அழைத்துக் கூரையைக் காட்டினார். பழுப்புக் கறை, உரிந்த சாயம், ஓரிடத்தில் கம்பி தெரியுமளவு உதிர்ந்த கான்கிரீட். மேலே புது ஓடு போட்ட பிறகும் கசிவு நிற்கவில்லையாம். பழைய ஓட்டின் மீதே புதியதை ஒட்டியிருக்கிறார்கள். படலத்தை யாரும் தொடவில்லை. சரிசெய்து தர முடியுமா என்று அப்பா கேட்டதற்கு விற்பவர் மறுத்துவிட்டார். அம்மா இரண்டு நாள் எங்களிடம் சரியாகப் பேசவில்லை. இன்னும் வீடு தேடிக்கொண்டிருக்கிறோம்.

படலம் காலப்போக்கில் தேய்வது இயல்பு. அதனால் கூரைக் கசிவைச் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீடு, கீழ்வீடு இரண்டுக்கும் உண்டு என்கிறது வீவக. நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தின்கீழ் செலவில் 50 விழுக்காட்டை வீவக ஏற்கிறது. மீதியில் ஆளுக்கு 25 விழுக்காடு. செலவைவிட, அண்டைவீட்டாருடன் ஏற்கெனவே இருக்கும் மனக்கசப்பும் வீட்டோடு சேர்ந்து நம் கைக்கு வருவதுதான் சங்கடம்.

குழாய்ச் சிக்கல்கள் இரண்டு வகை. வீட்டுக்குள் தண்ணீர் கொண்டுவரும் குழாய் எந்நேரமும் அழுத்தத்தில் இருப்பதால், அதில் ஓட்டை இருந்தால் இரவு பகலாகக் கசியும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு வாசலுக்கு வெளியே உள்ள மீட்டரைப் பாருங்கள். யாரும் தண்ணீர் புழங்காதபோதும் முள் நகர்ந்தால் எங்கோ கசிகிறது. கழிவறைத் தொட்டியாகவும் இருக்கலாம். அப்படியென்றால் செலவு குறைவு.

கழிவுநீர்க் குழாயும் தரையும் அப்படியல்ல. யாராவது குளித்தால்தான் கசியும். பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் கீழ்க்கூரை காய்ந்து, எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரியும். காலி வீடு என்றால் கூடுதல் கவனம் தேவை. குளியலறையில் மட்டும் புதிதாகச் சாயம் பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது தேங்காமல் வடிகிறதா என்று பாருங்கள். சமையலறைத் தொட்டியை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, கீழே உள்ள வளைகுழாயைக் காகிதக் கைக்குட்டையால் துடைத்துப் பாருங்கள். சின்னக் கசிவுகூட காகிதத்தில் தெரிந்துவிடும். குழாயைத் திறந்ததும் முதலில் பழுப்பு நிறத் தண்ணீர் வந்தால் உள்ளே இரும்புக் குழாய் துருப்பிடித்திருக்கலாம்.

பழைய வட்டாரங்களில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, இந்த புளோக்கில் இல்ல மேம்பாட்டுத் திட்டம் நடந்ததா என்பது. 2007ல் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தில் கழிவுநீர்க் குழாய்களை மாற்றுவதும் உதிரும் கான்கிரீட்டைச் சரிசெய்வதும் அடங்கும். குளியலறையைப் புதுப்பிப்பது மட்டும் வீட்டுக்காரர் விருப்பம். ஆகவே, புளோக்கில் திட்டம் நடந்தது என்று முகவர் சொன்னாலும், இந்த வீட்டுக் குளியலறையும் அதில் சேர்ந்ததா என்று தனியாகக் கேளுங்கள்.

புது வீட்டில் கூரைக் கசிவுக்கு வீவக 5 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. பழைய வீட்டுக்கு அது கிடையாது. வாங்கும் உரிமைப் பத்திரத்துக்கு முதலில் கட்டுவது அதிகபட்சம் 1,000 வெள்ளி. அதன் பிறகு முடிவெடுக்க 21 நாள் அவகாசம். வேண்டாம் என்று விட்டுவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. எனவே கீழ்வீட்டுக்குப் போவதும், சந்தேகம் இருந்தால் பியுபி உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழைத்துக் காட்டுவதும் பணம் கட்டுவதற்கு முன்பே நடக்கட்டும். வார நாள் மாலை ஏழு மணிக்குப் போனால் கீழ்வீட்டில் பெரும்பாலும் ஆள் இருப்பார்கள். படம் எடுக்கும் முன் அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.