தோடம்பழப் பாகும் ஒரு குவளைப் பானமும்

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாகக் கீழிறங்கும் பெருந்தெரு பிபிலையை அடைகின்றது. அவ்வூர்த் தோடம்பழம் பெயர் பெற்றது. தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே கனிந்து இனிக்கும். பருவத்தில் மலிந்து கிடக்கும் அப்பழம், பருவம் கழிந்தபின் கிடைத்தற்கு அரிதாகும். அந்த மலிவைப் போத்தலில் அடைத்து வைக்கும் வழியே பாகு காய்ச்சுதல், அதாவது ஜாம் செய்தல்.

பழத்தின் தோலிலும் விதையிலும் பெக்டின் என்னும் பொருள் உண்டு. புளிப்போடும் சீனியோடும் சேர்ந்து அது கொதிக்கும்போது பாகு இறுகுகின்றது. மிகுந்த சீனி நீரைப் பற்றிக்கொள்வதால் கிருமிகள் அதில் எளிதில் வளர்வதில்லை.

பாணில் தடவுவதோடு இப்பாகின் பயன் முடிந்துவிடுவதில்லை. இலண்டன் சவோய் விடுதியிற் பணியாற்றிய ஹாரி கிரடொக் 1930ஆம் ஆண்டில் வெளியிட்ட பான நூலில், தோடம்பழப் பாகு, எலுமிச்சைச் சாறு, ஜின் ஆகிய மூன்றையும் கலக்கும் முறையொன்று உண்டு. ஜின் என்பது ஜூனிப்பர் என்னும் செடியின் காயால் மணமூட்டிய மது.

வீட்டில் ஒருவருக்குச் செய்வதாயின், பாகு 2 தேக்கரண்டி, தேசிக்காய்ச் சாறு 1 மேசைக்கரண்டி, ஜின் 50 மில்லிலீற்றர் போதும். முதலிற் பாகைச் சாற்றில் நன்கு கரைத்தல் வேண்டும். குளிர்ந்தபின் அது எளிதிற் கரையாது. அடுத்து ஜின்னும் ஐஸ்கட்டியும் சேர்த்து, மூடிய பாத்திரத்திற் குலுக்கி, தோற்துண்டுகள் நீங்க வடித்துக்கொள்ளலாம். ஜின் விலை மிகுதியென்று கசிப்பைக் கலத்தல் ஆகாது. அதில் மெதனோல் என்னும் நஞ்சு கலந்திருப்பின் கண்பார்வை போகும், உயிரும் போகும்.

இப்பானத்தின் சுவை எங்கிருந்து வருகின்றது? இனிமையும் மணமும் பெரும்பாலும் பாகு தருவன, புளிப்பு தேசிக்காயினது. மது தருவது சிறிது மணமும், தொண்டையில் ஓர் உறைப்பும், மயக்கமுமே. அந்த உறைப்பை இஞ்சியும் தரும். நசுக்கிய இஞ்சியிட்டுக் கொதிக்கவைத்து ஆறிய நீரை ஜின்னுக்குப் பதிலாக ஒரு குவளை சேர்த்தால், பானம் சுவையிற் குறைவுபடாது.

21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பதை இலங்கைச் சட்டம் தடுக்கின்றது. சட்டம் கடைவாசலோடு நின்றுவிடும். வீட்டினுள்ளே காப்பது பெற்றோர் கடமை. சம்பள நாளிற் குடிக்குப் போகும் பணம் பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் உரியது என்பதைத் தோட்டத்து லயங்களில் வாழும் தாய்மார் நன்கறிவர். தீபாவளியன்று தகப்பன் ஒரு மூலையிலும் பிள்ளைகள் ஒரு மூலையிலுமாக அமராது, வீட்டார் யாவரும் ஒன்றாயிருந்து பருகக்கூடியது இஞ்சி சேர்ந்த இந்தத் தோடம்பழப் பானமே.