ஏன் இரண்டு சுற்று?

மாணவர்களே, செந்தூலில் கார் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே டைமிங் பெல்ட் மாற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? புதிய பெல்ட்டை மாட்டியதும் நல்ல மெக்கானிக் உடனே சாவியைத் திருப்ப மாட்டார். ஸ்பானரைப் போட்டு, எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுவார். அது ஏன் இரண்டு?

எஞ்சினின் அடியில் பிஸ்டன்கள் சுழற்றுவது கிராங்க் தண்டு. மேலே வால்வுகளைத் திறப்பது கேம் தண்டு. இரண்டையும் இணைப்பது பற்கள் கொண்ட ரப்பர் பெல்ட். 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவிலும் இந்த பெல்ட்தான். 2005-இல் வந்த பெரோடுவா மைவியில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி.

உறிஞ்சுதல், அமுக்குதல், எரிதல், வெளியேற்றுதல் ஆகிய நான்கு வீச்சுகள் முடிய, கிராங்க் 2 முறை சுழலும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரு முறைதான் திறக்க வேண்டும். ஆகவே கேம் 1 முறைதான் சுழலும். கிராங்க் சக்கரத்தில் 20 பற்கள் என்றால், கேம் சக்கரத்தில் 40 இருக்கும்.

பெல்ட்டைக் கழற்றும் முன், முதல் பிஸ்டனை அமுக்க வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து, இரு சக்கரங்களின் குறிகளையும் எஞ்சினில் உள்ள குறிகளோடு பொருத்துவார்கள். புதிய பெல்ட்டைத் தளர்வின்றி மாட்டி, டென்ஷனரால் இறுக்குவார்கள்.

இப்போது சோதனை. ஒரு சுற்றில் கிராங்க் குறி பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆனால் கேம் குறி எதிர்ப்பக்கம் நிற்கும். இரண்டாம் சுற்றில்தான் இரண்டும் ஒன்றாகப் பொருந்தும். பொருந்தாவிட்டால் பெல்ட் பல் தவறியிருக்கிறது என்று பொருள்.

ஒரு பல்தானே என்று எண்ணாதீர்கள். 20 பற்கள் கொண்ட சக்கரத்தில் ஒரு பல் என்பது 360 ÷ 20 = 18 பாகை! வால்வு நேரம் தவறித் திறக்கும். எஞ்சின் நடுங்கும், இழுவை குறையும். இன்னும் அதிகமாகத் தவறினால், பல எஞ்சின்களில், மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் மோதி அதை வளைத்துவிடும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஒரு வால்வு நொடிக்கு 25 முறை திறக்கிறது. அந்த வேகத்தில் தவற்றைத் திருத்த நேரம் ஏது?

கையால் சுற்றும்போது மோதல் நேர்ந்தால் கை உணர்ந்துவிடும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பலத்தைக் காட்டக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளை முன்னமே கழற்றியிருந்தால், அமுக்கத்தின் எதிர்ப்பும் இருக்காது. தடை எதனால் என்ற குழப்பமும் வராது.

இன்று உங்கள் வீட்டுக் காரின் கையேட்டைப் புரட்டுங்கள். பெல்ட்டா, சங்கிலியா? பெல்ட் என்றால், எத்தனை கிலோமீட்டரில் மாற்றச் சொல்கிறது? விடையை அப்பாவிடமோ அம்மாவிடமோ காட்டுங்கள்.