பேட்டரிக்குள்ளே போகும் மணிச்சத்து

மணிச்சத்து என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? ரசாயன விவசாயிக்கு டி.ஏ.பி. மூட்டை. நமக்கு எலும்புத்தூள், பாறை பாஸ்பேட், பாஸ்போ பாக்டீரியா. இப்போ அதே மணிச்சத்துக்குப் புதுசா ஒரு வாடிக்கையாளர் வந்திருக்கிறார். அவர்தான் பேட்டரி.

எங்கள் எம்.கே.பி. நகரில் ஓடும் மின்சார வண்டியிலிருந்து, வயலில் பஞ்சகவ்யா அடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர் வரை 'எல்.எஃப்.பி.' என்ற பெயர் அடிபடுகிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்பதன் சுருக்கம் அது. உரத்தில் இருக்கும் அதே பாஸ்பேட்தான்.

நம்ம ஊர்க்காரர் பங்கு

தென் தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர் ஆறுமுகம் மந்திரம். மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர். 1980-களில் ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து இரும்பு சல்பேட்டை ஆராய்ந்தார். வெறும் ஆக்சைடுக்குப் பதில் சல்பேட் இருந்தால் இரும்பிலிருந்தே கூடுதல் வோல்டேஜ் எடுக்கலாம் என்று கண்டார்கள். அதே வழியில் 1997-ல் அட்சய குமார் பாதி, நஞ்சுண்டசுவாமி, குட்இனஃப் மூவரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை வெளிக்கொண்டு வந்தார்கள். 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரையாற்றியவர் மந்திரம்தான்.

என்ன விசேஷம்?

சார்ஜ் ஏறும்போது லித்தியம் வெளியே போகிறது, இரும்பு பாஸ்பேட் மட்டும் கூடாக நிற்கிறது. கரண்ட் எடுக்கும்போது லித்தியம் மறுபடி உள்ளே வந்து உட்காருகிறது. பாஸ்பரஸ் தன் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்திருப்பதால், சூடானாலும் கூடு லேசில் குலையாது. அதனால் தீப்பிடிக்கும் அபாயம் மற்ற லித்தியம் வகைகளைவிடக் குறைவு. விலை கூடிய கோபால்ட்டும் நிக்கலும் வேண்டாம். ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் தாங்கும். ஆனால் எடைக்கு எடை பார்த்தால் கொஞ்சம் குறைவாகத்தான் மின்சாரம் சேமிக்கும். தானாக மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது என்பதால் துகள்மேல் கார்பன் பூச வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம்

லெட்ஜர் பார்த்தே பழகிய கண், கணக்குப் போடாமல் விடாது. எல்.எஃப்.பி. தூளில் எடையில் 20 சதவீதம் அளவுக்குப் பாஸ்பரஸ். டி.ஏ.பி.யிலும் ஏறக்குறைய அதே 20 சதவீதம்தான்! ஒரு யூனிட் மின்சாரம் சேமிக்கச் சுமார் 2 கிலோ தூள் வேண்டும். 40 யூனிட் பேட்டரி உள்ள ஒரு காருக்கு ஒன்றரை மூட்டை டி.ஏ.பி. அளவு மணிச்சத்து போய்விடுகிறது.

இன்றைக்கும் உலகில் தோண்டும் பாஸ்பேட்டில் பெரும்பங்கு உரத்துக்குத்தான் போகிறது. ஆனால் மொராக்கோ போன்ற சில நாடுகளின் கையில்தான் இருப்பு குவிந்திருக்கிறது. நாமோ பெரும்பாலும் இறக்குமதி. 2021 மே மாதம் உலக விலை ஏறியதால், ஒரு மூட்டை டி.ஏ.பி.க்கான மானியத்தை 500 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக மத்திய அரசு உயர்த்த வேண்டி வந்தது. வாங்க இன்னொரு கூட்டமும் வரிசையில் நின்றால் விலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் வேடிக்கை, பேட்டரிக்காரர் பாஸ்பேட்டைப் பல வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறார், பிறகு மீட்கவும் வழி உண்டு. வயலில் கொட்டிய டி.ஏ.பி.யிலோ முதல் போகத்தில் பயிர் எடுப்பது சிறு பங்குதான். மிச்சம் செம்மண்ணில் இரும்போடும், கரிசலில் சுண்ணாம்போடும் பூட்டிக்கொள்கிறது. பல வயல்களில் அது முடங்கிய டெபாசிட்டாகக் கிடக்கிறது. அதைத் திறக்கும் சாவி பாஸ்போ பாக்டீரியா, தொழு உரம், வேர்ப்பூஞ்சணம். நம் கையில் இருக்கிற சாவி.

வாங்கும்போது கவனிக்க

ஸ்பிரேயருக்கோ சோலார் வேலிக்கோ எல்.எஃப்.பி. வாங்கினால் 12.8 வோல்ட் என்று போட்டிருக்கும். 3.2 வோல்ட் செல் நான்கு சேர்ந்தது. செல்களைக் காக்கும் பி.எம்.எஸ். பலகை உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய ஆசிட் பேட்டரி சார்ஜரை அப்படியே மாட்டாதீர்கள், இதற்கென்று உள்ள சார்ஜர் வேண்டும். வெயிலில் போட்டு வைத்தால் ஆயுள் குறையும். சீசன் முடிந்து எடுத்து வைக்கும்போது பாதி சார்ஜில் நிழலில் வையுங்கள்.

இரும்பும் பாஸ்பேட்டும் உரம்தானே என்று பழசை உடைத்து எருக்குழியில் போடவே கூடாது. உள்ளே இருக்கும் ஃபுளோரின் கலந்த உப்பு, ஈரம் பட்டால் கொடிய அமிலத்தைக் கக்கும். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர் பொறுப்பு. கடைக்காரரிடம் வாங்கும் அன்றைக்கே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

அடுத்த முறை மண் பரிசோதனை அட்டை வரும்போது, மணிச்சத்து வரியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 'அதிகம்' என்று இருந்தால் மூட்டைக்குச் செலவு செய்ய வேண்டாம். அந்தச் சேமிப்பைத் திறக்கிற வேலையைப் பாருங்கள்.