நீலி நடந்த ஊருக்குப் பிள்ளைகளோடு

திருத்தணி முருகனைப் பார்க்கக் கிளம்பும் குடும்பங்கள் பல, திருவாலங்காட்டை ரயில் ஜன்னல் வழியாகவே கடந்துவிடுகின்றன. சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்ரயில் தடத்தில் மணவூரை அடுத்த நிலையம் அது. பிள்ளைகள் கூட இருந்தால் அங்கே இறங்கிவிடுங்கள் என்பேன். சிவனும் காளியும் போட்டி போட்டு ஆடிய இடம், ஒரு பேயம்மை இருந்து பாடிய இடம், இன்னொரு பேய் பழி தீர்த்த இடம், மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

கதை தெரியாமல் போனால் பாதி விஷயம் கண்ணில் படாது. திருவாலங்காட்டுக்கு அருகே பழையனூர்ச் சாலையில் சாட்சி பூதேசுவரர் என்ற சிறிய சிவன் கோயிலும், எதிரே ஒரு மண்டபமும் இருக்கின்றன. தெரியாதவர்கள் வண்டியை நிறுத்தவே மாட்டார்கள். அதனால் ரயிலில் போகும்போதே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் பிள்ளைகள் பொய்யாய் அழுதால் நீலிக்கண்ணீர் என்கிறோமே, அந்த நீலிதான். முற்பிறவியில் கணவன் கையால் கொலையுண்டவள். அவன் மறுபிறவியில் காஞ்சிபுரத்து வணிகனாகப் பிறந்தான், அவள் பேயானாள். அவனிடம் மந்திர வாள் ஒன்று இருந்ததால் நெருங்க முடியவில்லை. பழையனூர்ப் பக்கம் அவன் வந்தபோது நீலி அழகிய பெண்ணாக மாறினாள். ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடுகிறாரே” என்று அழுதுகொண்டே பின்னால் போனாள். ஊர்ப் பெரியவர்களான எழுபது வேளாளர்கள் கூடியிருந்த சபையில் வழக்கு விழுந்தது. குழந்தையை இறக்கிவிட்டாள்; அது நேரே வணிகனிடம் போய் ஒட்டிக்கொண்டது. அதற்கு மேல் சாட்சி எதற்கு? “இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள்” என்று அவன் கதறியும் யாரும் நம்பவில்லை. “உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிரைக் கொடுக்கிறோம்” என்று வாக்குக் கொடுத்தார்கள். வாளை வாங்கி வைத்துக்கொண்டு, இரவு இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைத்தார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். அவளைக் காணோம். எழுபது பேரும் தீ மூட்டி அதில் இறங்கினார்கள்.

அந்தத் தீப்பாய்ந்த இடம்தான் அந்த மண்டபம். எழுபது பேரின் நினைவைச் சிற்பமாகவே அங்கே வைத்திருக்கிறார்கள். கோயில் தூணைத் திரும்பிக்கூடப் பார்க்காத பிள்ளைகள், கதை கேட்டுவிட்டு வந்தால் இங்கே நின்று பார்ப்பார்கள்.

சின்னக் குழந்தைகளுக்குக் கள்ளிக்கொம்பு குழந்தையான இடம் போதும். வணிகன் செத்ததை ஒரு வரியில் கடந்துவிடலாம். எட்டு, பத்து வயதானவர்களிடம் எதையும் மழுப்ப வேண்டாம். கண்ணுக்கு முன் தெரிந்த சாட்சியை நம்பி நல்லவர்கள் தவறினார்கள், தவறியதற்கு அவர்களே ஈடும் கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கதையின் கனம். முடிவை இனிப்பாக்கினால் அது போய்விடும். “வணிகன் நிஜத்தைத்தானே சொன்னான்?” என்று பிள்ளை கேட்கும். “முதலில் கொன்றது அவன்தானே?” என்றும் கேட்கும். இரண்டுமே சரியான கேள்விகள். அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள்.

பெரிய கோயிலான வடாரண்யேசுவரர் கோயிலுக்குப் போகும்போது முதலில் காளியைக் கும்பிடுவது இங்கே மரபு. தன்னோடு சரிக்குச் சரி ஆடியவள் என்பதால் சிவன் கொடுத்த உரிமை அது. ஆட்டத்தின் நடுவே அவருடைய காதணி கீழே விழ, காலாலேயே அதை எடுத்துக் காதில் மாட்டினார். தலைக்கு மேல் தூக்கிய அந்தக் காலைப் பார்த்துக் காளி தோல்வியை ஒப்புக்கொண்டாள். நடராசரின் ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. நடை நண்பகலில் சாத்திவிடுவார்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது.

இந்தச் சபையில்தான் காரைக்கால் அம்மையார் இருக்கிறார். அழகை உதறிப் பேயுருவை விரும்பிக் கேட்டு வாங்கியவர். கயிலைக்குத் தலையால் நடந்தவர். அவர் இந்த ஊரைப் பற்றிப் பாடிய இரண்டு பதிகங்களும் சுடுகாட்டையும் பேய்களையும் நேரில் பார்த்ததுபோல் காட்டுகின்றன. அவர் தலையால் நடந்த மண்ணை மிதிக்க அஞ்சித்தான் சம்பந்தர் ஊருக்குள் வராமல் வெளியே தங்கினார் என்கிறது பெரியபுராணம். பேய் என்றாலே பயப்படும் குழந்தைக்கு, நீலியைச் சொன்ன அதே நாளில் இந்தப் பேயையும் காட்டுவது முக்கியம் என்று நினைக்கிறேன். ஒருத்தி அழுது கொன்றாள், ஒருத்தி பாடி வாழ்ந்தாள்.

கூட வரும் பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் படித்தால் இன்னும் இரண்டு விஷயம் சொல்லலாம். 1905-இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், முதலாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. மொத்தம் 31 ஏடுகள். சோழர் வம்சத்தின் பெருமையை நீளப் பேசும் அந்தச் சாசனம் இந்தக் கோயிலுக்குக் கொடுத்தது பழையனூரைத்தான். அடுத்தது, நீலகேசி என்னும் சமண நூல். அதில் பழையனூர் நீலி ஒரு சமண முனிவரைப் பயமுறுத்தப் போகிறாள், அவர் அசையவில்லை. அவரிடமே அறம் கேட்டு, பிற சமய அறிஞர்களோடு வாதாடக் கிளம்பிவிடுகிறாள்.