கரையைப் படிப்பதும் ஒரு தொழில்தான்

"கடற்கரையைப் படித்து என்ன தொழில் கிடைக்கும்?" புவியியல் பாடத்தைத் தெரிவு செய்யும் மாணவர்களின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கரைகள் உருவாகி மாறும் விதத்தை ஆராய்வதையே பல வருடங்களாகத் தொழிலாகக் கொண்டவன் என்ற வகையில், ஒலுவிலை வைத்தே பதில் சொல்கிறேன்.

எமது கிழக்குக் கரையின் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. ஆறுகள் கடலில் சேர்க்கும் மணலை, சரிவாக வந்து மோதும் அலைகள் கரையோரமாகவே நகர்த்திச் செல்கின்றன. வாடைக்காற்றுக் காலத்தில் திசை மாறினாலும், வருடக் கணக்கில் பார்த்தால் ஒலுவில் பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. வடக்கிலுள்ள ஊர்களின் கரை நிலைப்பதே இந்த வரவால்தான்.

2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்பு அணைகள் அந்தப் பாதைக்குக் குறுக்கே நிற்கின்றன. தெற்கே மணல் குவிந்தது, துறைமுக வாயிலும் அடைபட்டது. வடக்கே ஒலுவில், நிந்தவூர் பக்கம் கரையும் தென்னைகளும் கடலுக்குள் போயின. கரைவலை இழுக்க அகலமான மணற்பரப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் தோணியும் வலையும் இருந்து என்ன பயன்?

கடலரிப்பு என்றதும் "கல் போடுங்கள்" என்ற கோரிக்கைதான் முதலில் எழும். வீடு விழப்போகிறவர் அப்படிக் கேட்பது நியாயமே. ஆனால் கல் தனக்குப் பின்னாலுள்ள நிலத்தைக் காக்குமே தவிர, மணலைக் கொண்டுவராது. கல்வரிசை முடியும் இடத்தில் அரிப்பு இன்னும் வேகமாகும். அந்த இடம் பெரும்பாலும் அடுத்த ஊராக இருக்கும். துறைமுக வாயிலில் தோண்டும் மணலை வடபுறக் கரையில் கொண்டுபோய்க் கொட்டுவதே எனது பார்வையில் பொருத்தமானது. செலவு அதிகம்தான். ஒருமுறை செய்துவிட்டு ஓயவும் முடியாது.

எவ்வளவு மணல், எந்த மாதத்தில், எந்த இடத்தில் கொட்டுவது? இந்தக் கணக்கைச் சொல்வதுதான் எங்கள் வேலை. குறித்த இடங்களில் மாதந்தோறும் கரையின் சரிவை அளக்கிறோம், மணலைச் சலித்துப் பருமன் பார்க்கிறோம், பழைய செய்மதிப் படங்களைப் புதியவற்றோடு ஒப்பிடுகிறோம். வெயிலில் நிற்கத் தயங்குபவருக்கு இது சரிப்படாது.

1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, கரையோர வலயத்தில் நிர்மாணங்களுக்கு அனுமதி பெற வேண்டும். பெரிய திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் கேட்கப்படுகிறது. அந்த அறிக்கையில் மணல் பற்றிய அத்தியாயத்தை வாசித்துக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் எமது கரையோர ஊர்களில் எத்தனை பேர்? புவியியல் கற்பிக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அதே ஒலுவிலில்தான் இருக்கிறது.