பதினான்கு பேரின் முகங்கள்

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். யாருடைய முகத்தில், யாருடைய கண்ணுக்குத் தெரியும் என்று அவர்கள் சொல்லவில்லை. இக்கேள்விக்கு விடை காணவே மனநூல் அறிஞர்கள் புகைப்படங்களைச் சேர்க்கிறார்கள்.

அமெரிக்காவில் பால் எக்மன், வாலஸ் ஃப்ரீசன் என்னும் இருவர் 1976இல் ஒரு படத்தொகுப்பை வெளியிட்டனர். மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், வியப்பு, அருவருப்பு ஆகியவற்றையும் உணர்ச்சியற்ற முகத்தையும் காட்டும் 110 கறுப்பு வெள்ளைப் படங்கள் அதில் இருந்தன. ஆராய்ச்சியாளர் பலருக்கும் அதுவே அளவுகோல் ஆயிற்று. இத்தனை படங்களுக்கும் முகம் கொடுத்தவர்கள் பதினான்கே பேர். அனைவரும் வெள்ளையர்!

அதனால் என்ன, சிரிப்பு எங்கும் சிரிப்புத்தானே என்று தோழியர் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். எக்மன் 1960களின் பிற்பகுதியில் பாப்புவா நியூகினியின் மலைகளில் வாழும் ஃபோரே மக்களிடம் சென்றார். வெளியுலகை அதிகம் கண்டிராத அவர்களிடம் சிறுகதை ஒன்றைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் முகத்தைப் படங்களிலிருந்து எடுக்கச் சொன்னார். மகிழ்ச்சியைப் பெரும்பாலோர் சரியாக எடுத்தனர். அச்சத்தையும் வியப்பையும் மட்டும் பிரித்தறிய இயலவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஃபோரே மக்கள் நடித்துக் காட்டிய முகங்களைக் கண்ட அமெரிக்க மாணவர்களும் அதே இடத்தில் தடுமாறினார்கள்! அப்படியானால் தோற்றவர் யார்?

இந்தியாவில் பிறந்த நளினி அம்பாடி என்னும் பெண் அறிஞர், ஹிலரி எல்ஃபென்பெய்னுடன் சேர்ந்து 97 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் ஒரு முடிவை வெளியிட்டார். எந்நாட்டு முகமானாலும் உணர்ச்சியை ஓரளவு அறிய முடிகிறது; ஆனால் தம் இனத்தார் முகத்தில் இன்னும் நன்றாக அறிய முடிகிறது. இரு கூட்டத்தார் அதிகம் பழகியிருந்தால் இவ்வேறுபாடு குறைகிறது. (புதிதாகச் சேர்ந்த மாணவியின் முகம் ஒரு மாதம் கழித்துத்தான் நமக்குப் புரிகிறது அல்லவா?)

பிறகு வந்த தொகுப்புகள் சில மாறின. 1988இல் வந்த ஒன்றில் பாதிப்பேர் ஜப்பானியர். 1998இல் வந்த இன்னொன்றில் பத்து ஜப்பானியப் பெண்கள் மட்டுமே, அதுவும் ஓரினந்தான். டில்லியில் எடுத்த 142 இந்தியர் படங்களும் பின்னர் வெளிவந்தன. எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் அவை உணர்ச்சியற்ற முகங்கள்.

இது ஆராய்ச்சிச் சாலையோடு நிற்பதில்லை. 1976ஆம் ஆண்டுப் படங்களில் அறுபதைக் கொண்டு, மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு உணர்ச்சியை அறியும் திறன் உண்டா என்று சோதிக்கிறார்கள். நம் ஊர்ப் பாட்டி ஒருவர் அச்சோதனையில் மதிப்பெண் இழந்தால், அது நோயின் குறையா, முன்பின் பழகாத முகங்களின் குறையா?