கரண்டி எட்டாத சீனி

"எல் நினோ வந்தால் நெத்தலி விலை ஏறுமாமே?" என்று நோர்வூட் வாசகர் ஒருவர் கேட்கிறார். விலை ஏற ஆயிரம் காரணம் உண்டு. பழியை எல் நினோ தலையில் போடுவது வியாபாரிக்கும் வசதி, செய்தியாளருக்கும் வசதி. எல் நினோ அழித்ததாக ஊரெல்லாம் சொல்லும் நெத்தலி பெரு நாட்டுடையது. அது நம் சம்பலுக்கு வருவதில்லை. அரைபட்டு மாவாகி, வளர்ப்பு மீனுக்கும் கோழிக்கும் தீனியாகிறது.

பெருவின் கடலில் எனக்குப் பிடித்தது காற்று செய்யும் வேலை. தெற்கிலிருந்து கரையோரமாக வீசும் காற்று, மேல்நீரை நேரே தள்ளுவதில்லை. பூமி சுழல்வதால் நீர் இடப்பக்கம் விலகி ஆழ்கடல் நோக்கிப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்நீர் ஏறுகிறது. கினிகத்தேனையை நனைக்கிற அதே தென்மேல் பருவக்காற்று நம் தென்கரையிலும் இதைச் செய்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பதால் இங்கே நீர் வலப்பக்கம் விலகும், அவ்வளவுதான்.

கலக்காத தேத்தண்ணியை நினையுங்கள். சீனி முழுக்க அடியில். கடலின் சத்தும் அப்படித்தான்; காற்றுதான் கரண்டி. சீனி மேலே வந்தால் நுண்பாசி செழிக்கும், எறும்பு மொய்ப்பதுபோல் நெத்தலி மொய்க்கும். (எறும்பு தேத்தண்ணியில் நீந்துமா என்று கேட்காதீர்கள்.) எல் நினோவின்போது பெரு கரையோரத்தில் வெதுவெதுப்பான மேல்நீர் தடித்துவிடும்; மேலே வெந்நீரை ஊற்றிக் கோப்பையை நிரப்பிவிடுவதுபோல. கரண்டி சுற்றாமல் இல்லை, நுனிதான் சீனியைத் தொடுவதில்லை. ஏறிவருவது வெறும் சாயம்.

வரலாறு கொஞ்சம். கலிஃபோர்னியாவில் சாளை மீன் அற்றுப்போக, அங்கே சும்மா கிடந்த ஆலை இயந்திரங்கள் 1950களில் பெருவுக்கு வந்தன. 1970இல் அங்கே நெத்தலிப் பிடிபாடு 1 கோடியே 20 இலட்சம் தொன்னைத் தாண்டியது. 1973இல் 20 இலட்சத்தைக்கூடத் தொடவில்லை.

இந்தச் சரிவுக்கு 1972இல் வந்த எல் நினோ மட்டுமா காரணம்? அந்த ஆண்டுத் தொடக்கத்தில் வலைகள் வழிந்தன. குளிர்நீர் கரையோரத் துண்டுகளாகச் சுருங்க, எஞ்சிய மீனெல்லாம் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. சுருக்குவலை ஒருமுறை வளைத்தாலே படகு நிறையும். கடலில் மீன் குறையக் குறைய வலையில் கூடியது. நிறைந்த வலையைப் பார்த்து யார் நிறுத்துவார்கள்? இது சில ஆண்டுகளே வாழும் மீன். அடுத்த தலைமுறைக் குஞ்சும் சரியாக வராமல் போனதும் கையிருப்பே காலியானது.

2023இல் மறுபடி எல் நினோ. சோதனைப் பிடிப்பில் குஞ்சுகளே அதிகம் சிக்கியதால், வடக்கு–மத்தியக் கடலில் முதல் பருவத்தையே பெரு அரசு ரத்து செய்தது. ஆலைகள் முணுமுணுத்தன. அடுத்த ஆண்டு அதே கடலில் படகுகள் நிறைந்து திரும்பின.